தனியாகப் பேச ஓர் இடம்

சனிக்கிழமை மத்தியானம் ஐரின் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். திரையில் உளவியல் ஆலோசகர் தமிழ்வாணி தெரிந்தார்.

"இந்த வாரம் எப்படி இருந்துச்சு, ஐரின்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

"ஐரினு, தயிர்ச் சட்டிய எங்க வச்ச?" மாமியார் பாக்கியமேரியின் குரல்.

"பிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல இருக்கு அத்த."

மறுபடி தொடங்கும்போது மகன் சார்ஜர் கேட்டு வந்தான். அவனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மாமியார் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"பட்டப்பகல்ல கதவ எதுக்குச் சாத்திக்கிட்ட? மேலுக்கு முடியலையா?"

"ஆபீஸ் மீட்டிங் அத்த," என்றாள் ஐரின். அது பொய்.

ஐரின் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். உடன் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. இரண்டு பேர் வேலையும் அவள் தலையில் விழுந்தது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் பெற்றோர் அவளைத்தான் திட்டினார்கள். நிர்வாகமும் அவளைத்தான் கேட்டது. அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அலறியது. கொஞ்ச நாளில், வீட்டில் யாருடைய போன் அடித்தாலும் நெஞ்சு படபடத்தது. ஒருநாள் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வயிறு எரிகிறதென்று மருத்துவரிடம் போனாள்.

"வயித்துல ஒரு கோளாறும் இல்லம்மா. மனசு ரொம்ப இறுகிக் கெடக்கு. ஒரு சைக்காலஜிஸ்ட்டப் பாருங்க," என்றார் அவர்.

மதுரைக்குப் போய்வர விடுப்பு கிடைக்காது. அதனால்தான் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இணையவழியில் ஆலோசனை தரும் தமிழ்வாணியைத் தேடிப் பிடித்தாள். முதல் தடவை பேசி முடித்தபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூச்சை முழுதாக இழுத்துவிட்டது போலிருந்தது. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் பேசுவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாத வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். காவலாளி வந்து பூட்ட வேண்டுமென்று நின்றார். கடைசியில் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அங்கே துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக் கனகா நேராக ஜூடுவின் கடைக்குப் போனாள். ஐரினின் கணவன் ஜூடு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருந்தான்.

"மாடியில உக்காந்து யாரு கூடயோ போன்ல அழுதுக்கிட்டிருந்துச்சு அண்ணே. எதுக்கும் ஒங்க காதுல போட்டு வைக்கிறேன்."

ஜூடு கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். ஐரின் உண்மையைச் சொன்னாள். முதலில் அவன் முகம் தெளிந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கிட்ட சொல்ல முடியாதத எவளோ ஒருத்திகிட்ட சொல்லுவியா?"

"ஒங்ககிட்டயும் சொன்னேன். வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னீங்க."

"சரி, அடுத்த வாட்டி நானும் ஒக்காருறேன். அப்படி என்னதான் பேசுறீங்கன்னு பாப்போம்."

அடுத்த சனிக்கிழமை கட்டிலின் ஒரு பக்கம் ஜூடு, மறுபக்கம் பாக்கியமேரி. நடுவில் ஐரின், பரீட்சைக்கு வந்தவளைப் போல.

"எப்படி இருக்கீங்க?" என்று தமிழ்வாணி கேட்டார்.

"நல்லா இருக்கேன் மேடம்."

"தூக்கம் வருதா?"

"வருது மேடம்."

தமிழ்வாணி திரையை உற்றுப் பார்த்தார். "பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

ஜூடு திரைக்குள் முகத்தை நீட்டினான். "நான் அவ வீட்டுக்காரர் மேடம். அவளுக்கு ஒண்ணுமில்ல. சும்மா எதையாச்சும் போட்டு யோசிச்சுக்கிட்டே இருப்பா."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அவங்ககிட்டத் தனியாத்தான் பேசணும்."

"புருசனுக்குத் தெரியாம அப்படி என்ன மேடம் ரகசியம்?" என்றவன் இணைப்பைத் துண்டித்தான். "இது நமக்கு ஒத்து வராது. விட்ரு."

"ஜெபக்கூட்டத்துக்கு வா ஐரினு, எல்லாம் சரியாப் போகும்," என்றார் பாக்கியமேரி.

"தெனமும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் அத்த இருக்கேன்," என்றாள் ஐரின். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினாள். அந்த வீட்டில் அவளால் போட முடிந்த சத்தம் அவ்வளவுதான்.

அதன்பின் அவள் எதைப் பற்றியும் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள். அவளுக்குக் குணமாகிவிட்டதென்று ஜூடு நினைத்தான். ஜெபத்தின் பலன் என்றார் மாமியார்.

ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஐரின் எழுந்தாள். கைப்பையையும் செல்போனையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். முதலில் வந்த நகரப் பேருந்தில் ஏறினாள்; பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. டி. கல்லுப்பட்டியில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் இருக்கையை விட்டு எழவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்ட நடத்துநருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து அவர் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொன்னார்.

ஜூடு வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் கண்மாயையும் கிணற்றையும் நினைத்துப் பதறிக்கொண்டு வந்தவன் அவள் முன்னால் போய் நின்றான்.

"எதுக்கு ஐரினு இங்க வந்த?"

"எதுக்கும் இல்லங்க. யாரும் ஒண்ணும் கேக்காத எடத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்போல இருந்துச்சு. நம்ம வீட்டுல அப்படி எடம் இல்ல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மெல்லச் சொன்னான். "எனக்குப் பயம், ஐரினு. என்னையப் பத்தி அந்தம்மாகிட்ட என்னென்ன சொல்றியோன்னு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாள் அடக்கிய கோபம் அப்போதுதான் குரலில் வந்தது. "ஒங்களப் பத்தி என்ன இருக்கு சொல்ல? எங்க ஆபீஸ் போனப் பத்தித்தான் பேசுனேன். அது அடிச்சா என் கை நடுங்குது. அத நிப்பாட்ட வழி சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. பாதியில கெடுத்துவிட்டது நீங்கதான்."

ஜூடு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் அவனே தமிழ்வாணிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான்.

இப்போதும் ஐரினின் அலுவலகத்துக்கு இன்னொரு ஆள் வரவில்லை. அவள் துணிந்து நிர்வாகத்திடம் கேட்டுவிட்டாள். பார்க்கலாம் என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வருகிறது. வயிற்றில் எரிச்சலும் தீரவில்லை. ஆனால் தொலைபேசி அடித்தால் கை முன்போல நடுங்குவதில்லை.

சனிக்கிழமைகளில் மத்தியானம் ஜூடு கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிடுகிறான். மகனை விளையாட அனுப்பிவிட்டு, டிவியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்காருகிறான். போன வாரம் பாக்கியமேரி பொறுக்க முடியாமல் அவனிடம் கேட்டார்.

"இம்புட்டு நேரமா உள்ள என்னதான்டா பேசுறா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் கேக்குறதும் இல்ல."

"பொண்டாட்டி பேசுறது புருசனுக்குத் தெரிய வேணாமா?"

ஜூடு டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"ஒனக்கு ஆபரேசன் நடந்தப்ப நாம்பளும் உள்ள வந்து நிப்போம்னு யாராச்சும் சொன்னமா? வெளிய காத்துக்கிட்டுத்தான இருந்தோம். மனசுக்கு வைத்தியம் பாக்குறதும் அப்படித்தாம்மா. கூடவே ஒக்காந்து கேக்குறதுதான் பாசம்னு நெனச்சு நான் அவளத் தெருவுல கொண்டுபோய் விட்டேன். மனசு சரியில்லன்னு ஒருத்தர் வைத்தியம் தேடிப் போனா, அத அசிங்கம்னு நெனைக்கக் கூடாது, சந்தேகமும் படக்கூடாது. தனியாப் பேச விட்டுட்டு நாம்ப ஒதுங்கி இருக்கணும். வீட்டு மனுசங்க செய்யவேண்டியது அதுதான்."

சிறிது நேரத்தில் வாசலில் கனகாவின் குரல் கேட்டது. "ஐரினு இருக்காளா?"

"வேலையா இருக்கா. அப்புறமா வா கனகா," என்று பாக்கியமேரியே எழுந்து போய்ச் சொன்னார்.