பீடம் ஏறாத பிடியரிசி

பெருக்கித் துடைக்க ஏறலாம். நின்று பேச ஏறக்கூடாது. எங்கள் சபையில் பீடத்தைப் பற்றிப் பெண்களுக்கு இருந்த சட்டம் இவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் விளக்குமாறோடு எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் அந்தப் பீடத்துக்குத் தீட்டில்லை.

குழித்துறைக்கு மேற்கே எங்கள் ஊரில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளில் அதே பெஞ்சுகளில் பிள்ளைகள். பெரிய வாத்தியாரின் நாற்காலி பீடத்தின்மேல் கிடக்கும். ஞாயிறன்று அங்கே நின்று பிரசங்கம் செய்வதும் அவர்தான். ஜெபமணி சார் அப்படித்தான் இருந்தார். 1932இல் அவர் காய்ச்சலில் போய்ச்சேர்ந்த பிறகு பள்ளிக்கூடத்தை ஒண்டியாக நடத்தியது நான், நாகர்கோவிலில் ட்ரெயினிங் முடித்த நேசபாய் டீச்சர். கரும்பலகையைக்கூடக் கீழே இறக்கிவைத்துத்தான் எழுதினேன். அப்படிச் செய்யச் சொன்னதும் சபை ஆம்பிளைகள்தான். பெரிய டீச்சர் வேலை எனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தேன். மடச்சி.

சபை மூப்பர் ரசலையன் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“தேவகுமார பெரிய வாத்தியாரா போட்டிருக்கோம், பிள்ளே. அவனுக்கு எல்லாம் நீதான் சொல்லிக் குடுக்கணும்.”

தேவகுமார் அவருடைய தங்கை மகன். ரப்பர் எஸ்டேட்டில் கூலியாட்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தவன். ட்ரெயினிங் ஸ்கூல் வாசலைக்கூட மிதித்ததில்லை.

“அப்ப நான்?”

“நீ பொம்பிளையில்லா? பீடத்துல ஏறி ஜெபம் சொல்ல முடியுமா? ஊரு சிரிக்கும்.”

“பிரசங்கத்த வேற ஆளு பண்ணட்டும். பள்ளிக்கூடத்த எனக்குத் தாங்க.”

“நாற்காலி பீடத்துலல்லா கிடக்கு” என்றார், என்னவோ கர்த்தரே அதைத் தூக்கிவந்து போட்டதுபோல. சுற்றியிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

தேவகுமார் வந்தான். நாற்காலியில் சாய்ந்து, சாவியால் காது குடைந்துகொண்டே, நான் எல்லா வகுப்பும் எடுப்பதைப் பார்த்தான். பிள்ளைகள் சத்தம் போட்டால் அங்கிருந்தபடியே “டீச்சர், அங்க என்னவாக்கும்?” என்று என்னை அதட்டுவான். பிள்ளைகள்முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் ஆற்றில் துணி அலசும்போது அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றது மூப்பரின் மனைவி தேவகனி. அவளிடமே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் புருஷனையும் சேர்த்தே வைதேன். அவள் துணியைப் பிழிந்தாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தேவகுமார்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் புருஷன் பக்கம்தானே சாய்வாள் என்று நினைத்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. அது பிடியரிசி ஞாயிறு. எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் அளக்கிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வீட்டில் கஞ்சிக்கே இழுபறி என்றாலும் அந்தப் பிடி தவறாது. மாதம் ஒருநாள் அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தின் படியருகில் நீட்டுவார்கள். ஆம்பிளைகள் வாங்கி மேலே வைப்பார்கள். பெரிய வாத்தியாருக்கு மிஷன் கொடுப்பது போக மீதிச் சம்பளம் அந்த அரிசியை விற்றுத்தான்.

தேவகுமார் பிரசங்கம் என்று எதையோ சொல்லி முடித்தான். மூப்பர் படியருகில் வந்து நின்றார். ஒரு பெண்ணும் எழும்பவில்லை. பெண்கள் உட்காரும் பாயில் கலயங்கள் அவரவர் முன்னால் இருந்தன. ஒவ்வொரு கலயத்தின்மேலும் ஒரு கை.

“என்ன, கொண்டு வாங்க” என்றார் மூப்பர்.

தேவகனி எழுந்து நின்றாள். குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

“பொம்பிளை பீடத்துல ஏறப்பிடாதுண்ணு நீங்கதானே சொன்னீங்க. இது பொம்பிளை கையால எடுத்துவச்ச அரிசியாக்கும். இதும் ஏறப்பிடாது.”

மூப்பரின் முகம் கறுத்தது. “ஏலே, எடுத்து வைங்கலே!” என்று ஆண்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். யார் எடுப்பது? ஒவ்வொருவனுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தது அவனவன் வீட்டுக்காரி. மத்தியானச் சோற்றுக்கு அவளிடம்தான் போகவேண்டும்.

பெண்கள் வரிசையாக வந்தார்கள், பீடத்துக்கு அல்ல, என்னிடம். என் பாயைச் சுற்றிக் கலயங்களை வைத்தார்கள். “டீச்சர், இது நம்ம பள்ளிக்கூடத்துக்கு” என்றாள் தேவகனி. ஆற்றங்கரையில் அவளைப் பற்றி நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன்.

மீதிச் சம்பளம் கிடைக்காத தேவகுமார் அடுத்த பிடியரிசிவரைகூடத் தாங்கவில்லை. எஸ்டேட்டுக்கே திரும்பிப்போனான். மூப்பர் என்னைக் கூப்பிட்டு, “நீயே பெரிய டீச்சரா இரு” என்றார். பிரசங்கத்துக்குத் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஓர் உபதேசியார் வர ஏற்பாடானது. சந்தோஷமாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே பார்த்தால், நாற்காலியைப் பீடத்திலிருந்து இறக்கித் தரையில் போட்டிருந்தார்கள். என்னை ஏற்ற மனம் வரவில்லை, நாற்காலியை இறக்கிவிட்டார்கள். அந்த நாற்காலியை எடுத்து உடைத்துப்போடலாமா என்றிருந்தது. உடைக்கவில்லை. உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை வந்தது. விளக்குமாறோடு யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பீடம் முழுக்க வவ்வால் எச்சம். மூப்பர் வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஏன் பிள்ளே, பெருக்க ஆளில்லியா?”

நான் கீழே என் நாற்காலியில் உட்கார்ந்து சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

“பொம்பிளை ஏறப்பிடாதுல்லா, மூப்பரே.”

என்னை முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏறினார். அவருக்குப் பெருக்கத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.