ஸ்டாஃபுக்கு மட்டும் அழுகிற இசைத்தட்டு

சகாயத்தின் உடல் விடியற்காலையிலிருந்து கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயத்து வாசலில் கிடந்தது. குழி வெட்டியாகிவிட்டது, பெட்டி வந்துவிட்டது, உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு தயாராக நின்றார். தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்க விடமாட்டேன் என்று தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி கத்தரீனாள். ஹெட் கிளார்க் வீட்டு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட வேண்டும், அதற்குப் பிறகுதான் தன் புருஷன் புறப்படுவான் என்று சொல்லிவிட்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

சின்னக்கானலுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் நான் கம்பவுண்டர். பிறப்புக்கும் சாவுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் வருகிற எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்பு மிக்ஸ்சரைக் கொடுத்து அனுப்புவேன். ஆகவே இந்த இசைத்தட்டு விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இவ்வளவு கூத்தையும் சிரிக்காமல் நடத்தியவர்கள் எங்கள் ஸ்டாஃப் ஆட்கள்தான்.

கதை இதுதான். எழுபத்து மூன்றில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களா சாமான்களை ஸ்டாஃபுக்குள் ஏலம் விட்டார்கள். ஹெட் கிளார்க் அமிர்தநாதன் கிராமபோன் பெட்டியையும் அதோடு கிடந்த ஒரே இசைத்தட்டையும் எடுத்தார். அட்டையில் கோட்டும் டையும் போட்ட கறுப்பு மனிதர்கள் கண்களை மூடி, முகத்தை மேலே தூக்கி, கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இடது கை விரலில் கண்ணாடிக் குழாய் மாதிரி எதையோ மாட்டியிருந்தார். பல பேர் பாடியதைப் பொறுக்கி ஒரே தட்டில் சேர்த்திருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு பாட்டு.

கோட்டு, டை, மூடிய கண். அமிர்தநாதனுக்கு அவ்வளவு போதும். "இவங்க ஆப்பிரிக்கா மிஷன் உபதேசியார்மாரு. துரை ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வராம இதைத்தான் கேட்டுட்டிருந்தாரு" என்று அறிவித்தார். துரை ஞாயிற்றுக்கிழமை கையில் கிளாஸோடு கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பங்களா சமையல்காரருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஹெட் கிளார்க்கின் தாயார் இறந்தார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் மைக் செட் கட்டித் தவக்காலப் பாட்டுகள் போடுவது வழக்கம். அந்தப் பாட்டெல்லாம் லயத்திலும் போடுகிற பாட்டு. ஹெட் கிளார்க்கின் தாயாருக்கும் அதுவேயா? சித்திரபுரத்து மைக் செட்காரன் சுவக்கீனைக் கூப்பிட்டு இந்தத் தட்டைக் கொடுத்தார். சில்வர் ஓக் மரத்தில் கட்டிய குழாயிலிருந்து அந்தக் கிதார் கிளம்பியது. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கே அது சாவுப் பாட்டாகத்தான் கேட்டது. அழுகிறவள் வார்த்தையை முடிக்காமல் இழுப்பாளே, அந்த இழுப்பு அப்படியே கம்பியில் வந்தது. கூட்டம் மொத்தமும் விம்மியது. கோயிலில் இருந்து வந்த சாமியாரே "நல்ல பக்தி" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தட்டு இல்லாமல் ஸ்டாஃபில் யாரும் சாகவில்லை. அப்புறம்தான் தகராறு. ஃபாக்டரியைப் பார்க்கிற டீ மேக்கரின் மாமனாருக்கு எத்தனை பாட்டு? ஸ்டோர் கீப்பரின் அத்தைக்கு எத்தனை? குவார்ட்டர்ஸுக்கே ஏ கிரேடு, பி கிரேடு என்று வைத்திருந்த எஸ்டேட் அது, பாட்டுக்கு வைக்காமல் விடுமா? அமிர்தநாதன் பகுத்துக் கொடுத்தார். ஆபீஸ் ஸ்டாஃப் குடும்பத்துக்கு முதல் பக்கம் முழுக்க. ஃபாக்டரி ஸ்டாஃபுக்கு இரண்டாம் பக்கம். தேயிலைக் காட்டு சூப்பர்வைசர்களுக்கு இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு பாட்டு. தனக்கு ஒரு பாட்டு குறைத்துவிட்டார்கள் என்று ஒரு சூப்பர்வைசர், உயிரோடு இருக்கும்போதே, மானேஜருக்கு மனு எழுதினார். லயத்து ஆட்களுக்கு ஒன்றும் கிடையாது. துரை விட்டுப்போன நாய் ராபி செத்தபோது மட்டும் அமிர்தநாதன் தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து ஒரு பாட்டுப் போட்டார்.

இத்தனை சாவுக்கும் குழி வெட்டியவன் சகாயம். பாய்லருக்கு விறகு போடுவதுதான் அவன் வேலை. குழி வெட்டுவது கூடுதல். வெட்டி முடித்து மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, கடைசிப் பாட்டு ஓயும்வரை மேட்டில் உட்கார்ந்து கேட்பான். ஒருநாள் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "நான் செத்தா எனக்கும் அதப் போடச் சொல்லு" என்றிருக்கிறான். அவளும் சரி என்றிருக்கிறாள். லயத்துக்காரிக்கு இப்படி ஒரு வாக்கைக் கொடுக்க என்ன தைரியம் என்று ஸ்டாஃப் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். எனக்கோ அவள்மேல் மரியாதைதான் வந்தது.

கத்தரீனாள் தூக்க விடவில்லை என்று கேட்டு அமிர்தநாதன் லயத்துக்கே வந்தார். அவர் லயத்துப் படி ஏறியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்தா பாரு கத்தரீனா, பொணத்த வச்சுக்கிட்டு வம்பு பண்ணாத. அது இங்கிலீஷ் பாட்டு. சகாயத்துக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ராபிக்குத் தெரியுமாங்கய்யா?"

அமிர்தநாதன் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும். துரை அதுகிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாரு."

யாரும் சிரிக்கவில்லை. பதில் சரியாகத்தானே இருந்தது.

"அந்த நாய்க்குக் குழி வெட்டுனதும் இந்த மனுசந்தான்யா" என்றாள் கத்தரீனாள். "மண்ணத் தள்ளுற வரைக்கும் பாட்டுப் போட்டீக. வெட்டுன ஆளுக்குப் போட மாட்டீகளா?"

"வேணும்னா கடைசிப் பாட்டுல பாதி போடச் சொல்றேன்."

"பாதியோட போறதுக்கு அவரு பாதிக் குழியா வெட்டுனாரு?"

அவ்வளவுதான். மேல் லயத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தரீனாள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிணம் இருக்கும்போது கொழுந்து பறிக்கப் போவதில்லை என்பது லயத்து வழக்கம். அடுத்த லயமும் வந்து உட்கார்ந்தது. நல்ல கொழுந்துக் காலம் அது. மதியத்துக்குள் ஃபாக்டரி காலியாக ஓடத் தொடங்கியது. சத்தம் வித்தியாசமாகக் கேட்டுப் புது மானேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

புது மானேஜர் ரத்தினசாமி, வடகரப்பதிப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, சின்ன வயசு. பெங்களூரில் படித்தவர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மரியாதையாகப் பேசுவதால் அவருக்கு அதிகாரம் செய்யத் தெரியாது என்று ஆபீஸில் முடிவு கட்டியிருந்தார்கள்.

"ஏனுங்க கிளார்க்கய்யா, என்னங்க இது?"

அமிர்தநாதன் விவரம் சொன்னார். மிஷன், உபதேசியார், கிரேடு, ஒன்றையும் விடவில்லை. ரத்தினசாமி தட்டைக் கொண்டுவரச் சொன்னார். அது மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றி வந்தது. அட்டையைப் பார்த்தார், திருப்பினார், பின்னால் இருந்ததைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். சாவு வீடு என்பதால் சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"இவங்க உபதேசியாரெல்லாம் இல்லீங்க. அமெரிக்காவுல பருத்திக் காட்டுல அடிமையாக் கெடந்தவங்களோட பேரப் பசங்க. காட்ட உட்டுப்போட்டுப் பட்டணத்து மில்லு வேலைக்கு வந்தவங்க. கூலிக்காரங்க பாட்டுங்க இது. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் இதே தட்டை ஓட்டிட்டே இருப்பான்."

அமிர்தநாதன் முகம் சுண்டிப்போனது. "கூலிக்காரங்களா? கோட்டுப் போட்டிருக்காங்களே சார்."

"போட்டோ புடிக்கறதுக்குப் போடாம இருப்பாங்களாங்க? உங்க அம்மாவுக்கு எதைப் போட்டீங்க?"

"முதல் பக்கம், சார். முதல் பாட்டை ரெண்டு தடவை."

ரத்தினசாமி சங்கடப்பட்டார். "அது வந்துங்க... ராத்திரியெல்லாம் குடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வர்றானுங்க ஒருத்தன். பொண்டாட்டி கதவத் தொறக்க மாட்டீங்கறா. அதைத்தான் பாடறான்."

தொண்ணூறு வயதில், ஐந்து பேர் ஜெபமாலை சொல்ல, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போன அந்த அம்மாளை நினைத்துப் பார்த்தேன். பாவம், அவர் வாழ்நாளில் சாராயத்தின் வாடையைக்கூடப் பிடித்ததில்லை. ஸ்டோர் கீப்பர் அங்கேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கேட்ட பாட்டுக்கெல்லாம் பரிகாரமாக ஒரு பூசை வைத்துவிட வேண்டும் என்று டீ மேக்கர் உபதேசியார் காதில் சொன்னார். கூடுதல் பாட்டுக் கேட்டு மனு எழுதிய சூப்பர்வைசர், அந்த மனுவைக் கிழித்துவிட முடியுமா என்று என்னைக் கேட்டார்.

அமிர்தநாதன் மட்டும் சீக்கிரம் தேறிக்கொண்டார். ஹெட் கிளார்க் என்றால் சும்மாவா? தட்டைப் பட்டுத்துணியிலிருந்து உருவி, துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டை மட்டும், மைக் செட் கட்ட வந்திருந்த சுவக்கீனிடம் நீட்டினார்.

"இனி இது என் வீட்டுப் படி ஏறக் கூடாது. கூலிக்காரன் பாட்டு கூலிக்காரனுக்கே இருக்கட்டும்." பிறகு கத்தரீனாள் பக்கம் திரும்பினார். ஜெயித்துவிட்ட குரல் அது. "கேட்டியா? குடிகாரன் பாட்டாம். சிலுவைக்கு முன்னாடி, உன் புருஷன் தலைமாட்டுல, இதையா போடணும்? இன்னமும் வேணுமா உனக்கு?"

லயம் முழுக்க அவளைப் பார்த்தது. சகாயம் சனிக்கிழமை சம்பளத்தோடு எங்கே போவான், எப்படித் திரும்பி வருவான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவளை அவமானப்படுத்தவே அவர் கேட்டார் என்பதும் தெரியும். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

கத்தரீனாள் அமிர்தநாதனை விட்டுவிட்டு மானேஜரைக் கேட்டாள்.

"கதவத் தொறக்கலையே, அந்த ஆளு அப்புறம் என்ன செஞ்சாராம் தொரை?"

"ஒண்ணும் செய்யலீங்கம்மா. வாசல்லயே உக்காந்துட்டுப் பாடறானுங்க."

அவள் தலையை ஆட்டினாள். சகாயத்தின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"இவரும் அப்படித்தான். உள்ள நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன். விடியுற வரைக்கும் தொறக்க மாட்டேன்" என்றாள். பிறகு சுவக்கீனிடம் சொன்னாள்: "அந்தப் பாட்டையே மொதல்ல போடு தம்பி. இன்னைக்குக் கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன்."

சுவக்கீன் ஊசியை வைத்தான். கத்தரீனாள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.