நாலாம் எண் மாறவில்லை

செம்பூரில் அந்த வீட்டுவசதிச் சங்கத்தின் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் போட்டிருந்தார்கள். கீபோர்டில் ஈரம் சொட்டுகிறது என்று சந்திரலேகா சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவளும் பிறகு அதை மறந்துவிட்டாள். ஆறு ஃப்ளாட்டுக்கான வரிசையில் நாலாவதாக இருந்த அவள் பெயர் இப்போது முப்பத்தொன்றாவதில் இருந்தது. நாலாவதில் செயலாளர் வானமாமலையின் மச்சினர் பிரம்மநாயகம்.

அந்த வரிசைக்கான ப்ரோக்ராமை எழுதியதே அவள்தான். ஆபீசில் அப்போதுதான் வந்திருந்த சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில், எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து எழுதியது. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு ஆப்ஜெக்ட், உள்ளே பெயர் போட்ட ஒரு பெட்டி மாதிரி. எந்த எண்ணுக்கு எந்த ஆப்ஜெக்ட் என்பதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தாள். திறப்பு விழாவில் வானமாமலை, இனி மந்திரியே வந்தாலும் மாற்ற முடியாது என்று முழங்கி, பழைய காகிதப் பட்டியலைக் கிழித்துக் காட்டினார். கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. மறுவாரமே தன் இனிஷியல் தப்பு என்று அவர் குதிக்க, ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் பெயரைத் திருத்த ஒரு வழி வைத்துக் கொடுத்தாள். பெட்டியை ஆணியடித்துவிட்டு மூடியைத் திறந்துவிட்ட கதை.

பெயர் எப்படி மாறியது என்று அவள் கேட்டதற்கு வானமாமலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நாலாம் நம்பர் நாலாம் நம்பராத்தானேம்மா இருக்கு? எங்க மாறிச்சு?"

பூட்டியது எண்ணைத்தான், உள்ளே இருக்கும் பெயரை இல்லை என்று மூன்று முறை விளக்கினாள். கமிட்டியில் ஒருவர் கொட்டாவி விட்டார். மெஷின் பொய் சொல்லுமா, அதுக்கென்ன மச்சினரா இருக்கார் என்று இன்னொருவர் கேட்டுவிட்டு, செயலாளரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வடாலாவில் ஒற்றை அறைக்குள் ஐந்து பேர். மாமியார் காலை மடக்கினால்தான் கதவைச் சாத்த முடியும். கணவன் காசிராஜன் சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னான்: "ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சு குடுத்தியே. நமக்கு வீடு எங்கட்டி?"

பொதுக்குழுவில் வானமாமலையே பெருந்தன்மையோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சந்தேகம் என்று வந்துவிட்டதால், இன்றைக்கு இருக்கிறபடியே பெயர்களையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டியது. பட்டியல் இருக்கும் ஃப்ளாப்பி அவர் வீட்டு பீரோவுக்குப் போகும். அந்தப் பட்டியல்படி வீட்டுச் சாவிகள் நாளைக்கே. பூட்டத் தெரிந்தவர் சகோதரி சந்திரலேகா ஒருவர்தான். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அவள் போய் உட்கார்ந்தாள். வானமாமலை திரைக்கு முதுகைக் காட்டி நின்று, மனிதன் மாறுவான், இயந்திரம் மாறாது என்று மைக்கில் ஆரம்பித்தார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. அவள் நாலாம் எண்ணைத் திறந்தாள். பிரம்மநாயகத்தின் பெயருக்குப் பின்னால் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு கீயைத் தட்டினாள். கடைசி எழுத்து போனது. இன்னொரு தட்டு.

முன்வரிசையில் பிரம்மநாயகம் உள்ளங்கையிலிருந்த வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு, பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.