ரன்வே ஓரத்து வண்டி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இசக்கிக்கு வேலை. வேலை என்றால், காத்திருப்பது. சேர்ந்து ஒரு வருடமாகியும் ஆபத்து மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஒரு மதியம் சும்மா இருக்க முடியாமல், ஷெட்டில் நின்ற பழைய தீயணைப்பு வண்டியைத் துடைக்கப் போனான். உரிந்த சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. சுரண்டச் சுரண்ட விமானப்படையின் வட்டச் சின்னமும் பழைய வண்டி எண்ணும் வெளியே வந்தன.

"ஏலத்துல எடுத்த வண்டிபா. ஏரோப்ளேன் வுழுந்தா அணைக்கிறது," என்றான் உடன் வேலை பார்த்த மூர்த்தி. "அத்த தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற?"

அன்றிலிருந்து இசக்கிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை விமானங்களின் தீயை அணைத்திருக்கும்? விடுமுறை நாளெல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் பிரவுசிங் சென்டரில் கிடந்தான். இதே மாதிரி வண்டிகளின் படங்கள் கிடைத்தன. இதே மூக்கு, கூரைமேல் நுரை பீய்ச்சும் இதே குழாய். ஆனால் எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். பிறகு தாம்பரத்தில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்களைத் தேடிப்பிடித்து வண்டி எண்ணைச் சொல்லி நச்சரித்தான். ஒருவர், அதை ஓட்டிய கொம்பையாவின் பொழிச்சலூர் முகவரியைத் தந்தார்.

இசக்கியின் வாயில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் கொம்பையா முகம் மலர்ந்தது. அவர் மனைவி மீனம்மாள் காபி கொண்டுவந்தாள்.

"பெரிய விபத்து எதுக்கும் போயிருக்கியளா, அண்ணாச்சி?"

"இல்ல தம்பி. ப்ளேன் ஏறும்போதும் எறங்கும்போதும் இன்ஜின ஓடவிட்டு ரன்வே ஓரம் நிப்போம். நான் இருந்த வரைக்கும் ஒண்ணும் நடக்கல."

இதற்காகவா இத்தனை அலைச்சல் என்று இசக்கிக்கு எரிச்சலாக வந்தது. அப்போது வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இரைந்தது. கொம்பையா டம்ளரோடு எழுந்து ஜன்னலுக்குப் போனார். சத்தம் அடங்கும்வரை அசையவில்லை.

"சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சிருவாவ," என்றாள் மீனம்மாள். "ஏர்போர்ட் பக்கம் வீடு வேண்டாம்னு அப்பவே சொன்னேன்."

"ப்ளேன் நல்லபடியா எறங்கிட்டு," என்றபடி அவர் வந்து உட்கார்ந்தார். இசக்கியின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"என் கைக்கு வரும்போதே அது பழைய வண்டி," என்றார் கொம்பையா. "ஆக்ராவுல இருந்து ஒரு சர்தார் ஓட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு கையிலயும் வெந்த தழும்பு. சாவியக் குடுத்துட்டு, வண்டியத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல."

"அவரு பேரு?"

"குர்பச்சன். ஆக்ராவுலதான் குடும்பம்னாரு. இப்ப இருக்காரோ என்னவோ."

தாம்பரத்தில் ஒரகடம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இசக்கி அதில் ஏறவில்லை. ரயில்வே கவுண்டர் வரிசையில் போய் நின்று, ஆக்ராவுக்கு எந்த வண்டியில் போக வேண்டும் என்று முன்னால் நின்றவரிடம் விசாரிக்கத் தொடங்கினான்.