கொடியில் காய்ந்த பேண்ட்

தேனியில் நான் சேர்ந்த கம்பெனியில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம். ஐந்தாவது மாதம் மேனேஜர் ஞானசிகாமணி எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனி எல்லாரும் பிசினஸ் கேஷுவல்" என்றார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரியும் இருக்கக்கூடாதாம், காய்கறிக் கடைக்குப் போகிற மாதிரியும் இருக்கக்கூடாதாம். கடைசியில் விஷயம் இதுதான்: பெண்களும் பேண்ட், காலர் வைத்த சட்டை.

"சேலை கட்டுனா என்ன சார்? டைப் அடிக்கிறது கைதான?" என்றேன்.

"கிளையன்ட் கேமராவுல பாக்குறாகம்மா பாண்டீஸ்வரி. அவுகளுக்குப் பிடிக்கலைன்னா நிரந்தரம் கிடையாது."

எனக்கு வாய் நீளம். ஆனால் வேலை வேண்டுமே. இதற்காகக் கூடலூர் வீட்டில் மூன்று மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கம்பத்தில் உரக்கடையில் இருக்கும் என் கணவர் சூரியபிரகாஷ், "சேலையில போறதா இருந்தா போ. உடுப்பு மாறுச்சு, அன்னைக்கோட வேலை நின்னுரும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

கறுப்புப் பேண்ட் ஒன்றும் சட்டை இரண்டும் வாங்கினேன். காலையில் சேலையோடு பஸ் ஏறுவேன். தேனி பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, சேலையைப் பல்லில் கடித்தபடி பேண்ட்டுக்குள் நுழைவேன். சாயங்காலம் அதே கூத்து தலைகீழாக. பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறினால் பையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொள்வேன். சின்னமனூர் வருவதற்குள் பையின் ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்திருப்பேன்.

துவைப்பதுதான் பெரிய பாடு. ஞாயிற்றுக்கிழமை அவர் அரை நாள் கடைக்குப் போனதும் அலசி, பின்கட்டுக் கொடியில் போட்டு, மேலே ஈரச்சேலையை விரித்து மறைப்பேன். ஒரு ஞாயிறு போனபோது, மாமியார் மலையம்மாளின் சேலைக்கடியில் ஏற்கெனவே ஒரு முழுக்கைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஆம்பளைச் சட்டை. மோந்து பார்த்தேன். சோப்பையும் மீறி ஏலக்காய் மணத்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள்தான் குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் பயந்து சேலைமேல் அப்படிச் சட்டை போடுவார்கள். போன வருடம் குமுளி மலையில் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப் கவிழ்ந்து அத்தைக்குக் கை ஒடிந்தது. இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்று மகன் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்குப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், புளுகுணி. மறுபடி ஜீப் கவிழ்ந்தால் என்ன செய்வாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? நான் ஒன்று கேட்டால் அவள் ஒன்று கேட்பாள்.

அடுத்த ஞாயிறு, நான் கசங்கலாகப் போட்டிருந்த பேண்ட்டை யாரோ மடிப்பு நீவி, கால் இரண்டையும் நேராக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை அடுப்படியில் ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன்.

நிரந்தரக் கடிதம் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனிதர், அன்றைக்குப் பார்த்துத் துணியெடுக்க ஓடினார். நான் போவதற்குள் சேலை அவர் தோளில் கிடந்தது, பேண்ட் கையில்.

"யாரோடது இது?"

இடுப்பைப் பார்த்தாலே அவருடையது இல்லை என்று தெரியும். என்னைத்தான் பார்த்தார்.

"என்னோடதுடா" என்றாள் அத்தை, அடுப்படி வாசலில் நின்று. "தோட்டத்துல அட்டை காலைப் புடுங்குது. சேலைக்கு உள்ளாற மாட்டிக்கிர்றது."

"எந்தத் தோட்டத்துல?"

"ஏலத்தோட்டத்துலதான். மலைக்குத்தான் போறேன். திராட்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கை ஒடிஞ்சு கெடந்தப்ப யாரும்மா சோறு ஊட்டுனது? நாளையில இருந்து வாசப்படி தாண்டக்கூடாது, ஆமா!"

"சரிப்பா" என்றாள் அத்தை.

நான் ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திருப்பிச் சொல்கிறவள் அவள். அந்தச் 'சரிப்பா'வைக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை கடிதம் கைக்கு வந்துவிடும். மூடித்தான் பார்த்தேன். முடியவில்லை.

அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"என்னோடது. அத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேரும் வீட்டுலயே கெடங்க" என்றுவிட்டு, மழையோடு தெருவில் இறங்கிப் போனார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி கிறுக்கச்சி, ஒருத்தியாச்சும் போயிருக்கலாமுல்ல."