கொட்டேஷன் சாரின் விவாகரத்து

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டுமே மிச்சமிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கொட்டேஷன் சார். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. போல்ட்டு, துடைப்பம், முதலாளியின் அறைக்குச் சோபா என்று எதுவானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைந்த விலை சொன்னவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவனையும் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுவார். ஒரு விலையைக் கேட்டதும் "ஜாஸ்தி" என்று சொல்வது அவருக்குத் தும்மல் மாதிரி. வந்த பிறகுதான் வந்தது தெரியும்.

இந்தக் குணத்தைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

அவர் மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் எதிலும் இல்லை. சொந்த ஃபிளாட்டின் முன்னறையில் ட்யூஷன் எடுத்தாள். சுவர் முழுக்கக் கரும்பலகை. காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தால் உள்ளே கல்யாணம் நடக்கிறதோ என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே அல்ஜீப்ரா நடந்துகொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் அவளுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. பித்தப்பையில் கல். உடனே ஆபரேஷன் என்றார் பக்கத்துத் தெரு டாக்டர். கொட்டேஷன் சார் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு முதல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவளைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் விலை விசாரித்தார். பிறகு இரண்டாவது ஆஸ்பத்திரி. பிறகு மூன்றாவது. மூன்றாவதிலிருந்து அவர் மலர்ந்த முகத்தோடு ஓடி வந்து கார்க் கதவைத் திறந்து, "இங்கதான் கம்மி. கடைசி நாள் ரூம் வாடகையும் கிடையாதாம்!" என்றார். அவள் மயங்கிச் சாய்ந்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து தையல் பிரித்த அன்று, அவள் கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள். டஸ்டரைக் கீழே வைத்தாள்.

"நாம பிரிஞ்சிடலாங்க."

அவர் அதிர்ந்துதான் போனார். ஆனாலும் வாயில் முதலில் வந்தது, "எவ்வளவு ஆகும்?"

"பாத்தீங்களா, இதுக்குத்தான்" என்றாள் அவள்.

பிரிவதில் இருவருக்கும் தகராறு இல்லை. வீட்டில்தான் தகராறு. இருவர் பேரிலும் வாங்கிய ஃபிளாட். கடன் பாதி அடைந்திருந்தது. அவளுக்கு அது வேண்டும். பிள்ளைகள் எல்லாம் அந்த நாலு தெருவில் இருந்து வருகிறவர்கள். இன்னொரு பேட்டைக்குப் போனால் முதல் மாணவனிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

"உங்க பங்கைக் கொடுத்துடறேன். வீடு எனக்கு விடுங்க. ரெண்டு பேரும் வக்கீலை வெச்சு வருஷக்கணக்கா இழுத்தா, ஃபீஸ் கட்டவே இதை விக்க வேண்டியிருக்கும். அப்புறம் உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"பாப்போம். நாலு இடத்துல விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றார் கொட்டேஷன் சார். நாலு என்று அவர் சொன்னதை அவள் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அவ்வளவு வருடம் கூட இருந்தும் செய்த பிழை அது.

வக்கீல் தேட முதலில் உதவிக்கு வந்தவர் சகலை. அதாவது டீச்சரின் அக்கா வீட்டுக்காரர். நியாயப்படி எதிர்க்கட்சியில் இருக்க வேண்டியவர். ஆனால் யாருக்காவது யாரையாவது சிபாரிசு செய்யாமல் அவரால் ஒரு வாரம் இருக்க முடியாது.

"சகலை, என் வீட்ல தெரிஞ்சா எனக்குச் சோறு கிடைக்காது. இருந்தாலும் சொல்றேன். நம்மாளு ஒருத்தர் இருக்காரு. சிங்கம். கோர்ட்ல அவர் எந்திரிச்சு நின்னாலே எதிர்வக்கீல் உக்காந்துடுவான்."

"ஃபீஸ் எவ்வளவு?"

"சிங்கத்துக்கிட்ட போய் அதெல்லாம் கேக்கலாமா சகலை?"

கேட்டார். சிங்கத்தின் அறையில் வாடிக்கையாளருக்கான சோபா, உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிற அளவு உள்வாங்கியது. சிங்கம் உயரமான நாற்காலியில் இருந்தார். பின்னால் அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரியாதவை.

"சமாதானம்ங்கற வார்த்தையே இந்த ரூம்ல கிடையாது. அவங்க வீடு கேட்டா நாம வீடும் கேப்போம், கரும்பலகையும் கேப்போம்."

"கரும்பலகை எனக்கு எதுக்கு சார்?"

"உங்களுக்கு வேண்டாம்தான். ஆனா அவங்களுக்கு வேணுமே!"

கட்டணத்தைச் சொன்னார். கொட்டேஷன் சார் தும்மினார். அதாவது "ஜாஸ்தி" என்றார். சிங்கம் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னது. முதல் சந்திப்புக்கான தொகையை வெளியே ஒரு பெண் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாள்.

இரண்டாவது ஒரு வக்கீலம்மா. அவர் அலுவலகத்தில் விவாகரத்து என்ற சொல்லுக்கு அனுமதியில்லை. "புது விடியல்னு சொல்லுங்க சார்" என்றார். மூலையில் வாசனை விளக்கு. எங்கே கை நீட்டினாலும் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. விடியலில் வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகை இருந்தது. வெள்ளியில் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். வைரத்தில் அவர்களே செய்வார்கள். கொட்டேஷன் சாருக்கு அழுகை வரவில்லை. பில்லில் காகிதத்துக்கும் சேர்த்திருப்பதைப் பார்த்தபோதுதான் கண் கலங்கியது.

மூன்றாமவர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்குக் கீழே இருந்தார். மலிவு. பேசிக்கொண்டிருக்கும்போதே மனுவை அடித்துக் கையில் கொடுத்தார். கொட்டேஷன் சார் படித்தார். அதில் அவர் தன் மனைவி மேல் பிரஷர் குக்கரை எறிந்திருந்தார். இரண்டு முறை.

"நான் எதையும் எறியலையே சார்!"

"அது போன பார்ட்டி சார். ஊர், பேரு, குக்கர் மூணையும் மாத்திக்கலாம். ஆனா குக்கர் இருந்தா கேஸ் நிக்கும்."

"எறிஞ்சது நான்னு போட்டா என் கேஸ் எப்படி நிக்கும்?"

மாடிப்படி வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "அட, நீங்க புருஷன் பக்கமா?" என்றார்.

மூன்று விலையும் கிடைத்தாகிவிட்டது. வேறு யாராவது என்றால் அதோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஒன்று ஆகாயத்தில், ஒன்று பாதாளத்தில், நடுவில் இருப்பது வெள்ளியும் தங்கமுமாகக் கிடக்கிறது. சரியாக ஒப்பிட முடியவில்லை. இப்படி ஆனால் இன்னும் சில இடங்களில் கேட்பது அவர் தொழில் முறை. கேட்டார். அந்த ஊரில் குடும்ப வழக்கு நடத்துகிறவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் உட்கார்ந்து, கல்யாணம் முதல் பித்தப்பை வரை ஒரு வரி விடாமல் சொல்லி, விலை வாங்கினார். ஒன்பது பேருக்கும் முதல் சந்திப்புக்கென்று கொடுத்ததைக் கூட்டினால் ஒரு சுமாரான வக்கீலை முழு வழக்குக்கும் வைத்திருக்கலாம். கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. வீட்டில் கூட்டத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளோடு பேச்சு நின்றிருந்தது.

அவளே ஒருநாள் பேசினாள். சாயங்காலக் கூட்டம் கலைந்த பிறகு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் சாக்பீஸ்.

"ஏங்க, ஊர்ல ஒரு வக்கீலையும் விடலையா நீங்க?"

"ஏன்? என்ன ஆச்சு?"

"நான் எங்க போனாலும், உங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே வந்து எல்லாம் சொல்லிட்டாரும்மா, ஒரு பக்கத்துக் கதையைக் கேட்டுட்டு இன்னொரு பக்கத்துக்கு வாதாடக் கூடாதும்மான்னு அனுப்பறாங்க. ஒன்பதுல எட்டு பேரும் அதே பாட்டு. மாடிப்படிக்குக் கீழ ஒருத்தர் இருக்காரு, அவர் மட்டும் பரவாயில்லம்மா உக்காருங்கன்னார். அவர் என்னைப் பாத்து, நீங்கதானே குக்கர் எறிஞ்சவங்கன்னு கேட்டார்."

கொட்டேஷன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் விலை கேக்கத்தானே போனேன்" என்றார், உண்மையாகவே.

"யாரையாவது ஒருத்தரை விட்டுக் கொடுங்க."

"நான் இன்னும் யாரையும் ஃபைனல் பண்ணலையே!"

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். வழியில் விட்ட பிழையால் விடை தப்பான கணக்கைப் பார்ப்பது போல. பிறகு கை கழுவப் போனாள்.

விஷயம் சகலைக்குத் தெரிந்ததும் கதையே மாறிவிட்டது. "சகலை! என்னா மூளை! எதிராளிக்கு வக்கீலே கிடைக்காம ஊரையே அடைச்சுட்டீங்களே! சிங்கத்துக்கே இந்த ஐடியா வரலையே!"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சகலை…"

"பாருங்க, என்ன அடக்கம்!"

அடுத்த வாரம் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். விவாகரத்து யோசனையில் இருந்த சேல்ஸ் மேனேஜர் தனியாக வந்து வழி கேட்டார். கொட்டேஷன் சார் முதல் நாள் மறுத்தார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாள், "சில விஷயங்களை வெளிய சொல்லக் கூடாது" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாழ்நாளில் தந்திரம் என்று ஒன்றைச் செய்திராத மனிதர், செய்யாத தந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது வசதியாகத்தான் இருந்தது.

டீச்சர் நேராகக் கோர்ட்டுக்குப் போய்த் தானே நின்றாள். ஜலதோஷத்தோடு இருந்த நீதிபதியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் வெளியூரிலிருந்து வக்கீல் வைத்துக்கொள்ளட்டும், வக்கீல் வந்து போகிற செலவு இந்த நிலைமையை உண்டாக்கியவர் தலையில் என்று உத்தரவு போட்டார். "எனக்கு மூணு ஊர்ல ரேட் விசாரிக்க டைம் வேணும்" என்று எழுந்த கொட்டேஷன் சாரை உட்காரச் சொன்னார். அவர் பக்கம் பேச அங்கே யாரும் இல்லை. ஒன்பது பேரில் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

வெளியூர் வக்கீல் ஒரு முழங்கால் வலிக்காரப் பெண்மணி. ரயிலில் வருவார், படியேறும்போதெல்லாம் முனகுவார். அவருடைய டிக்கெட், லாட்ஜ் அறை, வலி மாத்திரை எல்லாம் ரசீதாக வந்து சேர்ந்தது. மூன்றாவது முறை வந்தபோது, இரு தரப்பும் பேசித் தீர்க்கட்டும் என்று சமரச அறைக்கு அனுப்பினார்கள்.

அதற்கு முன்தினம் டீச்சர் தன் கணக்கை முடித்திருந்தாள். ஃபிளாட்டில் அவர் பங்கு, கடன் போக, பன்னிரண்டு லட்சம். யார் போட்டாலும் அதுதான் வரும். அவளிடம் பத்து இருந்தது. மீதி இரண்டுக்கு அக்கா தன் நகைகளை அடகு வைக்கச் சம்மதித்திருந்தாள், சகலைக்குத் தெரியாமல்.

சமரச அறையில் ஒரு மேசை, அதன் ஒரு காலுக்குக் கீழே மடித்து வைத்த காகிதம். மத்தியஸ்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக ஏதோ ஒரு மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து வருகிற விலையை எல்லாம் குறைத்த கொட்டேஷன் சார், இன்றும் அதே மாதிரி உட்கார்ந்தார்.

டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்தாள். "வீட்டுக்குப் பன்னெண்டு. அதோட முடிச்சுக்கலாம்."

"பன்னெண்டா? ஜாஸ்தி" என்றார் கொட்டேஷன் சார். "பத்துக்கு முடிங்க."

வெளியூர் வக்கீலின் பேனா நின்றது. மத்தியஸ்தர் பாதி துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

டீச்சர் கொட்டேஷன் சாரையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் பன்னெண்டு சொன்னேன்."

யோசிச்சுச் சொல்லுங்க என்பதை அவர் எத்தனையோ கம்பெனி ஆட்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். எதிராளி இறங்கப் போவதற்கு முன் வைக்கும் கடைசி மிரட்டல் அது. "யோசிச்சாச்சு. பத்துக்கு மேல ஒரு காசு கிடையாது."

"சார், ஒரு நிமிஷம்…" என்றார் மத்தியஸ்தர்.

கொட்டேஷன் சார் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க குறுக்க வராதீங்க சார். நாங்க பேசி முடிச்சுக்கறோம்."

டீச்சர் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில், கார்க் கதவுக்கு வெளியே மலர்ந்திருந்த அதே முகம் எதிரே இருந்தது.

"சரிங்க" என்றாள். "உங்க இஷ்டம். பத்து."

கையெழுத்துப் போட்டார்கள். கொட்டேஷன் சார் படியில் இறங்கினார். முதல் வளைவு வரை வெற்றியோடு இறங்கினார். இரண்டாவது வளைவில் கால் நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று மெதுவாக, ஒவ்வொன்றாக, அவருக்குள் எழுந்து நின்றது.

திரும்பி மேலே போகலாம். கதவை இன்னும் சாத்தியிருக்க மாட்டார்கள். அவள் இன்னும் உள்ளேதான் இருப்பாள். கேட்டால் அவள் இல்லை என்று சொல்லமாட்டாள் என்பதும் தெரியும். போய் என்ன சொல்வது? "ரெண்டு ஏத்திக் கொடு" என்று சொல்ல வேண்டும். வாயை ஒருமுறை திறந்து பார்த்தார். அந்த வாக்கியம் அவரிடம் இல்லை.

கீழே சகலை காத்துக்கொண்டிருந்தார். "என்ன சகலை, என்ன ஆச்சு? எவ்வளவுல நின்னுச்சு?"

"பன்னெண்டு சொன்னா…" என்று ஆரம்பித்தார் கொட்டேஷன் சார். செருமிக்கொண்டார். "பத்துக்குக் கொண்டாந்துட்டேன்."

"ரெண்டு லட்சம் அடிச்சுட்டீங்களா!" சகலை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் வீட்டு நகை அலமாரியிலேயே தங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. "அவ சும்மா விட்டிருக்க மாட்டாளே?"

"நல்லா யோசிச்சுக்கோன்னு சொல்லிப் பாத்தா" என்றார் கொட்டேஷன் சார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. "நான் அசையலையே."