அம்மா சொல்லும் விதம்

ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் இடம் பண்ண வேண்டும். மகள் சோபாவைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளறை நாற்காலியிலிருந்து அப்பா கையசைத்துக் கூப்பிட்டார்.

நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். விடியற்காலையில் அம்மா இறந்ததிலிருந்து எல்லோரும் அவரிடம் வந்து பேசிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். இவளும் சொல்லியிருந்தாள்: ராத்திரி மூச்சுத்திணறல் அதிகமாகி, டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தும் முடியாமல், விடியும் நேரத்தில் அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள் என்று. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்லு மாதிரி மனுஷன் என்று சித்தி முணுமுணுத்தாள்.

"வந்தவங்கள்லாம் என்னென்னமோ சொல்றாங்கம்மா," அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் பிடிபடல. உங்கம்மா வரட்டும். அவ சொன்னா புரியும்."

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா எதையும் அப்பாவிடம் நாலு தடவை சொல்வாள். ஒரே ஸ்டேஷன்தான் இந்த ரேடியோவில் எடுக்கும் என்று இவள் அப்பாவைக் கிண்டலடிப்பாள். ஒருநாள் மட்டும் அம்மா சிரிக்கவில்லை.

"காது நல்லாத்தான் இருக்குடி. வார்த்தையெல்லாம் தெரியுது. மொத்தமாக் கொட்டினா, கடைசி வார்த்தை வர்றதுக்குள்ள முதல் வார்த்தை நழுவிடுது. மிச்சத்தை அவரா நிரப்பிக்கிறாரு."

இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா, ஆஸ்பத்திரி, டாக்டர். அவ்வளவுதான் அவர் கைக்குச் சிக்கியிருக்கும். மூன்று தடவை அம்மா ஆஸ்பத்திரி போயிருக்கிறாள். மூன்று தடவையும் திரும்பி வந்தாள். மிச்சத்தை அந்தப் பழக்கம் நிரப்பிக்கொண்டது.

அம்மா எப்படிச் சொல்வாள்? மணிக்கட்டைத் தொடுவாள். ஒரு விஷயம் சொல்லி நிறுத்துவாள். அவர் தலை அசைந்த பிறகுதான் அடுத்தது. சுற்றி வளைக்க மாட்டாள்.

மகள் முட்டிபோட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா. நேத்து அம்மா ஆஸ்பத்திரி போனாங்க."

தலை அசைந்தது.

"மூச்சு விட முடியல."

காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அசைந்தது.

அடுத்த சொல்லைக் காலையிலிருந்து யாருமே அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் பக்குவமாகத்தான் பேசினார்கள்.

"அம்மா செத்துட்டாங்க."

தலை அசையவில்லை. அவர் கண் இவள் உதட்டிலேயே நின்றது. புரியவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள்.

அப்பா கையைத் தூக்கி அவள் வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் சவரச் சோப்பு வாசனை. வெளியே சித்தி யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.